தை மாதத்தில் பார்த்த வீடு

கும்பகோணத்தில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனது 2019 தை மாதம் முதல் வாரத்தில், காலை பத்து மணிக்கு. மார்கழியில் வீட்டுப் பேச்சே எடுக்கக்கூடாது என்று அம்மா நிறுத்தி வைத்திருந்தாள். பனி விலகி இளவெயில் கூடத்துத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. புது டைல்ஸ் காலுக்குச் சில்லென்று இருந்தது. "எவ்வளவு குளுமையா இருக்கு பாருங்க" என்று என் கணவரிடம் நான்தான் சொன்னேன். தை மாதக் காலையில் காவிரிக் கரையில் எந்த வீடுதான் குளுமையாக இருக்காது என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

மற்றதையெல்லாம் பார்த்தோம். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டு எடுத்தோம். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னோம். போர் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தோம், உப்புக் கரிக்கவில்லை. ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எதிர்வீட்டில் விசாரித்தோம். மொட்டைமாடிக்கு ஏறிப் போய் நான்கு பக்கமும் வயலைப் பார்த்து ரசித்துவிட்டு இறங்கினோம். காலடியில் இருந்த தளத்தைப் பார்க்கவில்லை.

வீடு வாங்க வேண்டி வந்ததே அம்மாவுக்காகத்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அவள் தனியாக இருந்த நாட்டு ஓட்டு வீட்டை 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் பாதியாக்கிவிட்டுப் போனது. ஓடு பறந்தது, கொல்லையில் நின்ற மாமரமும் ஏழு தென்னையும் சாய்ந்தன. இனி அம்மாவைத் தனியே விட முடியாது, வாடகை வீட்டில் மூன்று பேருக்கும் இடம் போதாது, அதனால் இருக்கிற நகையை வைத்து, பாக்கிக்கு வங்கிக் கடன் வாங்கி, மாசியில் பத்திரம் பதிந்தோம். பங்குனி உத்திரத்துக்கு முன் பால் காய்ச்சிக் குடி வந்தாயிற்று.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா அறையில் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "உள்ள படுக்க முடியலடி. அடுப்ப அணச்சுட்டு அதுமேலயே படுத்த மாதிரி இருக்கு. சுவத்துல கை வச்சுப் பாரு" என்றாள். போய் வைத்துப் பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே காற்று ஓரளவு ஆறியிருக்கிறது, ஆனால் மேற்குச் சுவர், காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தொட்டது போல, உள்ளங்கைக்குச் சுடச்சுட இருந்தது. நடுராத்திரியில்.

அந்தக் கத்திரியில் அம்மாவை ஒரு நாள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. தலைசுற்றல், வாந்தி, நாக்கு வறண்டு போய்ப் பேச்சு குழறியது. சலைன் ஏற்றினார்கள். "வெயில்ல அலைஞ்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார். வெளியிலேயே போகவில்லை என்றேன். வயதானவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே வெயில் அடிக்கும், அதுவும் இரவில் உடம்பு ஆறாமல் தொடர்ந்து நாலைந்து நாள் போனால் தாங்காது என்றார். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த செய்தியைப் படித்தபோது எனக்கு வாசல் படியில் உட்கார்ந்திருந்த அம்மாதான் கண்ணில் வந்தாள். புயலுக்குத் தப்பிக் கூட்டிவந்தவளை நாங்கள் வேறொன்றில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

தெரிந்த மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னோம். அவர் மாடிப்படி ஏறி, தளத்தில் கால் வைத்ததுமே சொல்லிவிட்டார். "சுருக்கி போடலக்கா. வெறும் தளம். மேல ரூம் எடுக்கிற எண்ணத்துல விட்டிருக்காங்க. பில்லர் கம்பி நிக்குது பாருங்க. கம்பி நின்னா கீழ சுருக்கி இருக்காது." நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. தை மாதத்தில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வயலைப் பார்த்தேன். பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம், வசதிதான் என்று வீட்டுக்காரர் சொன்னது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டிருந்தது.

சுருக்கி என்று நம் பக்கம் சொல்வது கான்கிரீட் தளத்தின் மேல் போடும் காப்பு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறோம். வெயில் இறங்காமல் இருக்கவும் அதுதான். செங்கலுக்குள் காற்று நிறைந்த துளைகள் இருக்கும், கான்கிரீட் அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது.

அம்மாவின் அறையில் நடந்தது என்னவென்று எனக்கு விளங்க வெகுநாள் ஆனது. விளங்கியதும் எல்லாம் பொருந்தியது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் ஏறும் சூடு, அடிப்புறத்துக்கு வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உச்சி வெயில் ஒரு மணிக்கு என்றால் கூரை உள்ளே தகிப்பது மாலை ஐந்து மணிக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அதுவே ஆறேழு மணி நேரம். மேற்குச் சுவரில் வெயில் காய்வது நாலு மணிக்கு. அது உள்ளே வருவது பத்து, பதினொன்று. கூரைச் சூடு சாயங்காலத்துக்கு, சுவர்ச் சூடு நடுராத்திரிக்கு. இடையில் ஆறுவதற்கு நேரமே கிடையாது. நம் தோலின் சூடு ஏறத்தாழ 34 டிகிரி. சுவரும் கூரையும் அதைவிடச் சூடாக இருந்தால் அவை நம் மேல் அனலை வீசிக்கொண்டே இருக்கும். மின்விசிறி காற்றைத்தான் தள்ளும், அனலைத் தள்ளாது. போதாததற்கு இங்கே காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்று நம் ஊரில் இரண்டு சொல் இருக்கிறது. அம்மா இரண்டையும் சேர்த்து அனுபவித்தாள்.

2020 மாசியில் சுருக்கி போட்டோம். கொரோனா ஊரடங்குக்குச் சில வாரம் முன்னால். இந்த வேலை தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு. பெரும்பாலும் சிமென்ட் கலந்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் மேஸ்திரி பழைய முறைதான் என்று நின்றார். தளம் தாங்குமா என்று ஓர் இன்ஜினியரையும் கூட்டிவந்து பார்க்கச் சொன்னார், அந்தப் பாரத்தைச் சும்மா ஏற்றிவிடக் கூடாது. அப்புறம் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, ஜல்லியோடு பிசறிப் பரப்பினார்கள். மறுநாள் ஆறு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டத் தொடங்கினார்கள். ஓங்கி அடிப்பதில்லை. ஒரே சீரான, மெல்லிய தட்டு. தட்டத் தட்ட அடியிலிருந்து சுண்ணாம்புப் பால் மேலே வரும். அதைக் கையால் வழித்துத் தடவிவிட்டு மறுபடியும் தட்டுவார்கள். கட்டை துள்ளினால்தான் தளம் இறுகியது என்று அர்த்தமாம். அதில் மூத்த அம்மாள் ஒருவர் கட்டையை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். முதல் நாள் கட்டை ஜல்லியில் பதிந்து நின்றது. மூன்றாம் நாள் அதே இடத்தில் 'டொக்' என்று துள்ளியது. மேலே தட்டோடு பதித்து, அதற்கும் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை அடித்தோம்.

அந்தக் கோடையில் அம்மா பத்து மணிக்கெல்லாம் கண்ணயர்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு மட்டும் விழிப்பு வரும். சுவர்.

சரி, இதெல்லாம் வாங்கிய பிறகு செய்தது. வாங்குவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன். அவன் டொராண்டோ பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தான். ஆடி மாதம், அங்கே நல்ல வெயில். "அத்தை, சட்டை நனையிற வெயில்ல வீடு பாக்குறேன். ஆனா எனக்கு மைனஸ் இருபதுல அந்த வீடு எப்படி இருக்கும்னு தெரியணும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தை மாதத்தில் செய்த தவறு தலைகீழாக அவன் முன்னால் நிற்கிறது, அவன் அதைத் தெரிந்தே கையாள்கிறான்.

அவன் செய்ததைக் கேளுங்கள். அங்கே வீட்டைச் சூடாக்க நிலவறையில் ஃபர்னஸ் என்று ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். எரிவாயுவில் காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே அறை அறையாக அனுப்பும். அதன் மேல் ஒட்டிய தகட்டில் தயாரித்த வருடம் தெரியும். பொதுவாக 15 முதல் 20 வருடம் உழைக்கும். பதினெட்டு வருடப் பழசு என்றால் வீட்டின் விலையோடு புது ஃபர்னஸ் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். உள்ளே வெப்பம் மாற்றும் உலோகப் பெட்டியில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும். அதனால் அதற்கென்று பரிசோதகரை வைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறி, சூடு வெளியே போகாமல் இருக்கப் பஞ்சு போல் நிரப்பியிருப்பதை எத்தனை அங்குலம் என்று அளக்கிறார்கள். கடைசியாக, வீட்டுக்காரரிடம் போன குளிர்காலத்து எரிவாயு பில்லை வாங்கிப் பார்க்கிறார்கள். "பில்லு பொய் சொல்லாது அத்தை. வீடு எவ்வளவு ஒழுகுதுன்னு அதுல தெரிஞ்சுடும்" என்றான்.

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். பில் என்றதும் பிடித்துக்கொண்டேன். பருவம் எதுவானாலும் கூரையைப் பார், பில்லைக் கேள். எங்கள் கும்பகோணம் வீட்டுக்காரர் காட்டியது ஐப்பசி கார்த்திகை மின்கட்டண ரசீது ஒன்று மட்டும். பாக்கி இல்லை என்பதற்காக வாங்கிப் பார்த்து மடித்து வைத்துவிட்டேன். கத்திரி மாதத்து ரசீதைக் கேட்டிருக்க வேண்டும்.

2023 வைகாசியில் என் தங்கை மயிலாடுதுறையில் வீடு தேடினாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை மாற்றல். 2020இல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து அங்கே வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது என்று பயந்து, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றவளை நான்தான் விடவில்லை. கத்திரி இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று விடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்தினால் சுவரின் சூட்டைக் காட்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டியது உடம்புச் சூட்டின் எல்லைக்குள்தான் காட்டும், அது இதற்கு உதவாது, பொருள்களின் சூட்டை அளக்கும் வகைதான் வேண்டும். பளபளக்கும் தகரத்தில் இதுவும் தப்பாகக் காட்டும். முதலில் எங்கள் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு சுருக்கி போட்ட கூரையின் அடிப்புறம் 35, அம்மா அறையின் மேற்குச் சுவர் 38. இந்த 38தான் எனக்கு அளவுகோல். இதைவிடக் கூடினால் தங்கைக்கு அந்த வீடு வேண்டாம்.

முதல் வீட்டுக்கு மாலை ஏழு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். கதவைத் திறந்ததும் குப்பென்று குளிர்ச்சி. மூன்று அறையிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை முகம் மலர்ந்துவிட்டது. நான் கட்டிலின் ஓரத்தில் ஏறி நின்று கையை உயர்த்தித் தளத்துக்கு ஒரு சாண் கீழே வைத்தேன். தலைக்கு மேல் தோசைக்கல். கருவி 39 காட்டியது, அறைக் காற்று 25. அந்த ஏசி எங்களுக்காக ஓடவில்லை, கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மேலே போய்ப் பார்த்தால் கம்பி நிற்கிறது. வெறுங்காலோடு நிற்க முடியவில்லை, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியும்.

மின்கட்டணத்தைக் கேட்டேன். அந்த வீட்டம்மா நல்ல மனுஷி, கைபேசியிலேயே ஒரு வருடத்து ரசீதை எடுத்துக் காட்டினார். மார்கழி தை இரண்டு மாதத்துக்கு 210 யூனிட். சித்திரை வைகாசிக்கு 640. அப்போது, 2023இல், நம்மூரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை, கீழ்ப்படியில் குறைந்த விலையில் இருந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறியது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 490இல் நின்றதும் 510க்குப் போனதும் ஒன்றல்ல. ஒரு வீட்டின் கோடை ரசீதையும் குளிர்கால ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த வீட்டின் கூரை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த மாதங்களில் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், ஏசி எத்தனை ஓடியது. பிள்ளைகள் வெளியூர் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டின் ரசீது குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பார்த்தது மாயூரநாதர் கோயில் பக்கம் ஒரு பழைய தெரு வீடு. எனக்கு உள்ளே நுழைந்ததுமே கண் கலங்கிவிட்டது, எங்கள் மன்னார்குடி வீட்டு வாசனை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர், அதில் வெயில் படவே வழியில்லை. முன் கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டை வரிசையின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தளம். மாலை நாலு மணிக்கு அங்கே கூரை 33தான். கொஞ்சம் உள்ளே போனால் நிலைமை மாறியது. முற்றத்தின் மேல் மழைக்கும் குரங்குக்கும் பயந்து கண்ணாடி மாதிரி ஃபைபர் ஷீட் போட்டு நான்கு ஓரமும் அடைத்திருந்தார்கள். வெளிச்சம் வருகிறது, சூடும் வருகிறது, வந்த சூடு மேலே போக வழியில்லை. வீட்டின் மூக்கை அடைத்துவிட்டார்கள். அதை ஓரடி தூக்கி நான்கு பக்கமும் வலை அடித்தால் போதும், வீடு பழையபடி மூச்சு விடும். தங்கையும் மாப்பிள்ளையும்கூடச் சம்மதித்தார்கள். ஆனால் பத்திரத்தில் ஏழு பங்காளிகள், இருவர் கையெழுத்துப் போடத் தயாரில்லை. அந்த வீட்டை விட்டுவந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுக்குமாடி ஒன்றும் பார்த்தோம். கடைசி மாடி, நடுமாடி இரண்டும் ஒரே விலை. நடுமாடிக்கு மேல்வீடே குடை, கடைசி மாடிக்கு வானம்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, நடுமாடி விற்றுப்போயிருந்தது.

நாலாவதாக ஒரு வீடு எட்டு மாதமாக விலைபோகாமல் கிடந்தது. தெற்குப் பார்த்த வாசல். தரகரே தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தெற்கு வாசல் என்றால் நம்மில் பாதிப் பேர் படியேறுவதே இல்லை. யாருடைய நம்பிக்கையையும் நான் குறை சொல்ல வரவில்லை, என் வீட்டிலும் பூஜையறை ஈசான மூலையில்தான் இருக்கிறது. ஆனால் வெயிலின் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் டெல்டா பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆவணி முதல் வாரத்தில் மறுபடி ஒரு முறை. இடைப்பட்ட நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்தே போகும். அந்த நான்கு மாதமும் நேர் தெற்குச் சுவரில் வெயில் விழுவதே இல்லை. கத்திரி முழுவதும் அந்தச் சுவர் நிழலில்தான் நிற்கும். அது மட்டுமா, பங்குனி சித்திரையில் தென்றல் வருவது எந்தத் திசையிலிருந்து? அம்மாவிடம் போனில் சொன்னேன். "நம்ம மன்னார்குடி வீடு தெக்குப் பாத்த வீடுதானடி. அதுல எழுபது வருசம் என்ன கெட்டுப் போச்சு?" என்றாள்.

இதே கணக்கில்தான் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒதுக்கிய வாயு மூலை அறை ஏன் அப்படிக் காய்ந்தது என்பதும் புரிந்தது. கோடையில் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி இறங்குவதால், வடமேற்கு அறைக்கு இரண்டு சுவரிலும் அடி விழும். தாழ்ந்து வரும் அந்த வெயிலை இரண்டடிச் சன்ஷேடு தடுக்காது. மேற்கே மாடிப்படியோ குளியலறையோ இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். படுக்கையறை இருந்தால் படுப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெற்குப் பார்த்த வீட்டுக்கு இரவு எட்டரைக்குப் போனோம். மேற்கே மாடிப்படி. மொட்டைமாடியில் தட்டோடு, ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே செங்கல் ஜல்லி தெரிந்தது, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், வெதுவெதுப்புத்தான். கீழே படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஜன்னலை அடைத்து, நாங்கள் மூவரும் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். வீட்டுக்காரப் பெரியவர் எங்களை விநோதமாகப் பார்த்தார். கூரை 34, மேற்கு உட்சுவர் 33.

அப்புறம் அவர் வீட்டுப் பூஜையறையிலிருந்தே ஒரு ஊதுபத்தி கேட்டு வாங்கினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தெற்கு வாசல் நிலையருகே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை முதலில் நேராக எழும்பியது. சற்று நேரத்தில் வளைந்தது. கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலாகப் போய், சமையற்கட்டுக் கொல்லைக் கதவு வழியே வெளியேறியது. மாப்பிள்ளை அதன் பின்னாலேயே கொல்லை வரை நடந்து போனார். பூம்புகார்க் கடற்கரை அங்கிருந்து 25 கிலோமீட்டருக்குள்தான், மாலைக்கு மேல் கடற்காற்றும் எட்டிப் பார்க்கும் ஊர். எதிரெதிரே வாசலும் கொல்லையும் இருந்தால்தான் அது வீட்டுக்குள் வரும். ஒரே பக்கம் எத்தனை ஜன்னல் வைத்தாலும் காற்று அவ்வளவாக நுழையாது.

ஒரு குறை இருந்தது. கிழக்கே அடுத்த மனையில் பெரிய வேப்பமரம், காலை வெயிலை மறைத்தது. தரகர் அதையும் சேர்த்து விலை பேசினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது அடுத்தவர் மண்ணில் நிற்கும் மரம், நாளைக்கு அவர் வீடு கட்ட வெட்டுவார். நம் மண்ணில் நின்ற மரமே ஒரே இரவில் போய்விடும் என்று கஜாவில் பார்த்தவள் நான். மரம் இல்லாமலும் இந்த வீடு தாங்குமா என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றேன். தாங்கும் என்று சுவரே சொன்னது. தெற்கு வாசல் என்பதற்காகப் பெரியவர் குறைத்திருந்த விலைக்கு மேல் நாங்களும் பேரம் பேசவில்லை.

ஆனி கடைசியில் பத்திரம் பதிந்தார்கள். ஆடி கழித்து ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சினோம், சூரியன் இரண்டாம் முறை உச்சிக்கு வரும் நாட்கள். அன்று மழையில்லை, நல்ல காய்ச்சல் வெயில். விருந்துக்கு வந்தவர்கள் போய், பந்திப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடத் தேடினேன். கூடத்தில், வாசலுக்கும் கொல்லைக்கும் நேர்கோட்டில், பாய்கூட விரிக்காமல் வெறுந்தரையில் முந்தானையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மணி இரண்டரை. மின்விசிறி ஓடவில்லை, யாரோ சமையலுக்காக நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்திருந்தார்கள். தங்கை ஸ்விட்சைப் போடக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.